எட்வர்டின் உலகப்பார்வை

தேர்வாய் கண்டிகை
4.8.2024

அன்பு சுகிர்தா,

நலமா? ஜெனிபர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் காகிதம்.

உன் தம்பிக்குக் கை போனதில் எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? பென்னியை, நான் சூப்பர்வைசராக இருக்கும் லைனில் சேர்த்துவிட்டதே நான்தானே. ஆனால் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்த வேண்டும் என்பது ரூல். ஒன்றை டேப்பால் ஒட்டிவிட்டு வலது கையை உள்ளே விட்டது அவன். விசாரணையில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ட்ரெயினிங்கில் ஒரு வார்த்தை சொன்னார்கள்: உலகப்பார்வை. கடவுள், மனுஷன், நியாயம் பற்றி அவனவன் மனசில் ஊறிக் கிடப்பது எல்லாம் சேர்ந்ததாம் அது. அதை வைத்துத்தான் எதையும் பார்க்கிறோமாம். உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. அதற்காகக் குடும்பம் பிரிய வேண்டுமா? கோபத்தை விட்டு வீட்டுக்கு வா.

உன் எட்வர்ட்

வேப்பம்பட்டு
9.8.2024

ஜெனிபர் அப்பாவுக்கு,

ஜெனிபர் சாப்பிடுகிறாள். பென்னிக்குத்தான் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது.

நான் படித்தது பத்தாவது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். சாமி உண்டா, ஏழை ஏன் ஏழை என்பதில் ஆளுக்கொரு உலகப்பார்வை இருக்கலாம். டேப் கொடுத்தது யார் என்பதில் எப்படி இருக்கும்? டார்கெட் ஏறாவிட்டால் டேப் ஒட்டுவதும், ஆடிட் வந்தால் உரிப்பதும் உங்கள் ஷாப் வழக்கம். அந்த டேப் ரோலை உங்கள் சட்டைப் பையிலிருந்து எத்தனை முறை எடுத்து வைத்துவிட்டுச் சட்டையைத் துவைத்திருக்கிறேன்.

புதன்கிழமை விசாரணையில் உள்ளதைச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், கூழோ கஞ்சியோ குடிப்போம். மறுநாளே வருகிறேன்.

சுகிர்தா

தேர்வாய் கண்டிகை
16.8.2024

அன்பு சுகிர்தா,

விசாரணையில் கம்பெனி எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்துவிட்டேன். வேறு வழியில்லை. வேலை போனால் ஜெனிபர் படிப்பு என்னாகும்? இதைப் பொய் என்பாய். அது உன் உலகப்பார்வை. பென்னியை நினைத்து தினமும் ஜெபம் பண்ணுகிறேன். நீ வா.

எட்வர்ட்

வேப்பம்பட்டு
2.9.2024

மாமா,

இடது கையில எழுதக் கத்துக்கினு இருக்கேன், எழுத்து கோணலா இருக்கும். அக்கா இனிமே எழுத மாட்டா, ஊட்டுக்கும் வர மாட்டா.

அன்னிக்கு பயமா இருக்குதுன்னு சொன்னேன். நீங்கதான் ‘நான் பாத்துக்கினுதான் இருக்கேன், ஓட்டுடா’ன்னீங்க. விசாரணையில நீங்க ஒருவாட்டிகூட என்னைப் பாக்கல.

என் மெஷின்ல இப்ப யாரு நிக்கிறாங்க? அந்த டேப்பை உரிச்சிட்டீங்களா? அத மட்டும் எழுதுங்க.

பென்னி