மங்காத ஊதா

மார்ச் 11, செவ்வாய்.

மூன்று வாரம் முன்பு ஆலைக்கு வந்த டொலுவீன் கரைப்பான் டிரம்மை இன்றுதான் ஆய்வகத்தில் சோதித்தேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. பெர்மாங்கனேட்டோடு கொதிக்கவைத்தால் டொலுவீன் அதன் ஊதா நிறத்தைத் தின்றுவிடும், பழுப்பு வண்டல்தான் மிஞ்சும். இரண்டு மணி நேரம் கொதித்தும் ஊதா அப்படியே நின்றது. மறுபடி வைத்தேன். அப்போதும் மங்கவில்லை. இப்படி எதற்கும் அசையாமல் இருப்பது பென்சீன்தான். லேபிளை மாற்றி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

பட்டறைக்கு ஓடினேன். ஃபிட்டர் மாணிக்கம் சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல அந்த டிரம்மிலிருந்து மக்கில் பிடித்துக் கையின் கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நக்கோ மாணிக்கம், தொடாதீங்க!"

"கைக்கு சார், ஏன் தொடக்கூடாது? டொலுவீன்தானே, கழுவலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்களும் இதுலதானே கழுவுறீங்க?" சிரித்தார். "முதல்ல தித்திப்பா ஒரு வாசனை வந்துச்சு சார். இப்ப ஒண்ணுமே தெரியல."

டிரம்மைப் பூட்டிவிட்டேன். நாளை எல்லாரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். குடுவையில் அசைந்து கொடுக்காத அந்தப் பென்சீன் வளையம் ஈரலுக்குள் போனதும் உடையும், உடைந்த துண்டுகள் எலும்பு மஜ்ஜை வரை போய் ரத்தப் புற்றைக்கூடக் கொண்டுவரும். மாணிக்கத்திடம் ரத்தப் பரிசோதனை என்று மட்டும் சொன்னேன்.

திருமுல்கேரி வீட்டுக்கு வந்து சேர எட்டாகிவிட்டது. சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். சோறு போடக் குனிந்த மனைவி வசந்தி சட்டென்று நிமிர்ந்தாள்.

"கொஞ்ச நாளாவே கேக்கணும்னு இருந்தேன். உங்க கையில என்னங்க இப்படித் தித்திப்பா ஒரு வாசனை?"

இப்போதும் முகர்ந்து பார்க்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.