உன் கடையில் சாப்பிட்ட சாயங்காலம்

ஆரணி
9.11.2006

அன்பு மகள் ஹேமலதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன்னைப் பார்த்துவிட்டு வந்த பயண அலுப்பெல்லாம் தீர்ந்து சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அப்பாவுக்குப் புடிக்கலன்னா இந்த வேலைய வுட்டுட்டு ஊருக்கே வந்துர்றேம்மா' என்றாயே, அதற்குப் பதில் இதில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

ஊருக்கு வந்தும் நான் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை கண்ணு. மத்தியானம் நம் வீட்டுத் தறிச் சத்தத்தில் கண் அசந்தால் லண்டனில் உன் பப்புக்குப் போய்விடுகிறேன். மழை வழிகிற பெரிய கண்ணாடி, மேஜைக்கு ஒரு மெழுகுவர்த்தி, மயில்கழுத்து நிறத்தில் சுவர், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்ட அன்றைய சமையல், யாரோ கூட்டிவந்த நாய் நாற்காலிக்கடியில் சமர்த்தாகத் தூங்குகிறது. குடிக்கிற இடம் என்றதும் கூச்சலும் நாற்றமுமாக இருக்கும் என்று முந்தானையை மூக்கருகில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன், அங்கே வெண்ணெயும் பூண்டும் மணந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோர் முகமும் அழகாக இருந்தது, உன் அப்பா முகம் கூட.

அவர் பண்ணிய கூத்தை நினைத்து இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். எங்களுக்குப் பின்னால் கையில் கிளாஸோடு நின்றவர்களைக் கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நிற்கிறவர்கள் என்று நினைத்துவிட்டார். 'ஜல்தியா சாப்புடு, பாவம், எவ்ளோ நேரமா நின்னுகினு இருக்காங்க' என்று என்னை விரட்டி, தட்டில் இருந்ததை நாலே வாயில் முடித்து எழுந்து, ஒரு வெள்ளைக்காரருக்கு நாற்காலியைக் காட்டி 'உக்காருங்க' என்றார். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாரே தவிர உட்காரவில்லை. நீ ஓடி வந்து, அவர்கள் நின்றுகொண்டுதான் குடிப்பார்கள் என்று சொல்லி எங்களை மறுபடி உட்கார வைத்தாய். அப்போதுதான் உன்னை நன்றாகப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, இறுக்கிக் கட்டிய முடி, நீ ஒரு வார்த்தை சொன்னால் அடுப்படியில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அப்பா மழை வழிகிற கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த பிறகும் தெருவில் யார் கேட்டாலும், 'லண்டன்ல ஒரு கம்பெனில இருக்குது' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

போன வெள்ளிக்கிழமை தனகோடி அத்தை சொல்லி, போளூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், பையனும் லட்சணம். பேச்சுவாக்கில் பையனின் அப்பா, பொண்ணு கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டார். நான் காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, 'கம்பெனி இல்லீங்க. அது பப்பு, குடிக்கிற எடந்தான். அங்க எம்பொண்ணுதான் பெரிய சமையல்காரி. நாங்க ரெண்டு பேரும் போயி குந்திகினு சாப்ட்டு வந்தோம்' என்றார். கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுவிடுவாள் இல்லையா என்று பையனின் அம்மா இழுத்தார்கள். அதற்கு அப்பா, 'எம்பொண்ணு வுடாதுங்க. நானும் வுடச் சொல்ல மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டார்கள். அத்தைக்குக் கோபம், இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நல்ல இடம் கைவிட்டுப் போனதே என்று எனக்கும் ஒருநாள் அழுகைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை ஹேமா.

வேளைக்குச் சாப்பிடு, ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டு நீ ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே. மறக்காமல் ஒன்று செய். அந்த வெள்ளைக் கோட்டோடு, கடை போர்டு நன்றாகத் தெரிகிற மாதிரி வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து, பெரிதாக அனுப்பு. சேலை எடுக்க வருகிறவர்கள் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே அப்பா மாட்டப் போகிறாராம். ஆணியை நேற்றே அடித்துவிட்டார்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
ராஜம்மாள்