கல்லைத் திறந்தது சூடா, மின்சாரமா?

குருபரப்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் நம் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகள் தர்ஷினி பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு, பள்ளிக்கூட வாசலில் பேனர் வைத்திருக்கிறார்கள், நான் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் தம்பி அஸ்வின் சூளகிரி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கினான். எல்லாருக்கும் மேலே நீ, ஐந்தாவதோடு நின்ற நாகம்மாளின் மகள் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் போன வாரம் போனில் நீ அழுததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை கண்ணு. நீ சோதிக்கிற, மின்சாரம் விடாத அந்தக் கல், மின்சாரத்தை அழுத்திக் கொடுத்தால் திடீரென்று இரும்பு மாதிரி விடுகிறதே, அது வெறும் சூட்டினால்தான், மின்சாரத்தின் வேலை இல்லை என்று உன் புரொபசர் சொல்லிவிட்டார், இரண்டு வருச உழைப்பு வீண், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கல் ஞாபகம்தான். உன் அண்ணன் தங்கதுரை டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் டெஸ்டிங்கில்தானே இருக்கிறான் என்று அவனிடம் கேட்டேன். "மின்சாரம் உடாத பொருளு உட்டுச்சுன்னா அது போச்சும்மா, செவப்புச் சீட்டு ஒட்டி ஓரங்கட்டிருவோம், உம் மக கல்லைக் கருக்கிட்டா" என்றான். நானும் நம்பி, கருகின கல்லுக்காக மாரியம்மனுக்கு மூன்று நாள் விளக்குப் போட்டேன். பிறகு தர்ஷினிதான் நீ அவளுக்கு எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். மின்சாரத்தை நிறுத்தினால் கல் பழையபடி ஆகிவிடுமாம், எத்தனை தரம் செய்தாலும் அப்படித்தானாம். கருகினது எங்கேடா பழையபடி ஆகும் என்று உன் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "எங்க கம்பெனில அப்படி ஒண்ணு வந்தா பயந்து ஓடியே போயிருவோம்" என்று சிரிக்கிறான்.

அந்தக் கல்லில் எலக்ட்ரானுக்குப் பஞ்சமில்லை, பக்கத்தில் இருப்பது வழி விடாததால்தான் எதுவும் நகரவில்லை என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை நம் ஊர் எதிரே ஹைவேயில் லாரிகள் அப்படித்தான் நின்றன. ரோடு நன்றாக இருக்கிறது, வண்டியில் டீசல் இருக்கிறது, ஆனால் முன்னால் நிற்பவன் நகர்ந்தால்தானே. கடைசியில் ஓரமாக ஒரு வரிசை மட்டும் ஊர்ந்தது, அதைப் பிடித்து மற்றதெல்லாம் கிளம்பியது. உன் கல்லிலும் முதலில் ஒரு வரிசைக்குத்தான் வழி திறக்குமா, இல்லை மொத்தமும் ஒரே தடவையிலா? வரிசை என்றால் சூடும் அங்கே மட்டும்தானா? மின்சாரம் நின்றதும் அந்த எலக்ட்ரான்களை மறுபடி நிறுத்தி வைப்பது யார்? மழுப்பாமல் எழுது.

சூடேறவே நேரம் கொடுக்காமல் கண் சிமிட்டுவதற்குள் மின்சாரம் விட்டுப் பார்க்கலாம், அப்போதும் கல் வழி திறந்தால் புரொபசர் சொன்னது தப்பு என்றாயே, அதைச் செய்யாமல் டிக்கெட் போடாதே. உன்னைப் பார்க்க எனக்கும்தான் ஆசை, ஆனால் சூடா மின்சாரமா என்று தெரியாமல் நீ வந்து நின்றால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. அவர் சொன்னதுதான் சரி என்று வந்தாலும் எனக்கு மறைக்காதே, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. எடுத்த காரியம் கூடி, நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. சோதனை முடிந்த அன்றைக்கே அந்த மெஷின் பக்கத்தில் நின்று புதுசாக ஒரு போட்டோ எடுத்து, போனில் அனுப்பாமல் தபாலில் போடு. என்ன ஆயிற்று என்று உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகம்மாள்