மூன்றாம் மாடிக்கு ஏழு நிமிடம் தாமதமாக வந்த நோயாளியின் நீக்கம் குறித்து

அனுப்புநர்:
பதிவு எழுத்தர்,
இதயத் துடிப்பு நோயாளர் உடற்பயிற்சி மற்றும் கல்வி வகுப்பு,
மூன்றாம் மாடி.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: விதி 4-ஐ மீறி நோயாளி ஒருவரை நீக்கிய பதிவு எழுத்தர், அதாவது என் மீதான புகார்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கு இரத்தக்குழாய் வழியே சிகிச்சை பெற்ற தையற்காரர் ஒருவர், பன்னிரண்டு வார வகுப்பின் இரண்டாம் வாரத்தில் நீக்கப்பட்டார். காரணம், மூன்று முறை தாமதம். வகுப்பு 9 மணிக்கு; ஐந்து நிமிடம் வரை பொறுக்கலாம் என்பது விதி. அவர் மூன்று நாளும் 9.07-க்கு வந்தார். அந்த விதியை வரைந்தவன் நான்.

2. நீக்குமுன் காரணம் கேட்க வேண்டும் என்கிறது விதி 4. எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. அவர் என் உடன்பிறந்த அண்ணன். வேலியே பயிரை மேய்ந்தது என்று எவரும் சொல்லிவிடக் கூடாதென்று, தலை நிமிராமலே பெயரை அடித்தேன். அவர் வகுப்பில் தந்த கையேட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

3. ஒரு மாதம் கழித்து அவர் கடைக்குச் சென்றேன். வெட்டிய துணிகள் தைக்கப்படாமல் கிடந்தன. தையல் இயந்திரத்தை மிதிக்கும்போது நெஞ்சு சற்றுப் படபடத்தாலும் காலை எடுத்துவிடுகிறார். எந்தப் படபடப்புக்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது நான்காம் வாரப் பாடம். தாமதத்தின் காரணத்தை அன்றுதான் கேட்டேன். "நீதானேடா அச்சடிச்சுக் குடுத்த, மாடிப்படியில ஒவ்வொரு திருப்பத்துலயும் ரெண்டு நிமிஷம் நின்னு, மூணாவது நிமிஷம் நாடியை எண்ணணும்னு? எண்ணிக்கிட்டுதான் வந்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தச்ச தம்பி, எனக்கு மட்டும் பத்தாம தச்சுட்டியே!" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

4. கையேட்டைப் பிழை திருத்தியவனும் நானே. ஓர் எழுத்துப் பிழைகூட அதில் இல்லை. வெளிநோயாளர் வாயில் 8.50-க்குத் திறக்கிறது; மின்தூக்கி பத்து மணி வரை படுக்கை நோயாளிகளுக்கு மட்டுமே. ஐந்து திருப்பங்களுக்குப் பதினைந்து நிமிடம், நடைக்கு இரண்டு. ஆக, கையேட்டின்படி ஏறுபவர் எவரும் 9.07-க்கு முன் வர இயலாது. நேரத்துக்கு வந்தவர்கள் அனைவரும் நிற்காமல் ஏறியவர்கள். அவர்களுக்கு நான் 'ஒழுங்கு' என்று குறித்தேன். சொன்னபடி கேட்ட ஒருவரை நீக்கினேன்.

5. நீக்கப்பட்டவர் ஆறு மாதம் கழித்தே மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதைத் தளர்த்தும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு. எனவே, அவரை வரும் திங்கள் முதல் வகுப்பில் சேர்க்கவும், வருகைப் பதிவேட்டைப் படிக்கட்டின் அடிக்கு மாற்றவும், என் மீது உரிய நடவடிக்கை எடுக்கவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். மூன்றில் ஒன்றுதான் இயலும் எனில், முதலாவதைச் செய்தருள்க.

6. இன்று காலை 8.50-க்கு வாயில் திறந்ததும் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன்படியே நின்று நின்று ஏறினேன். என் மேசையை அடைந்தபோது மணி 9.07. ஊழியர் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'தாமதம்' எனக் குறித்துள்ளேன். காரணம் கேட்க எவரும் இல்லை.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பதிவு எழுத்தர்

இடம்: மூன்றாம் மாடி, பதிவு மேசை
நாள்: மார்ச் 12, வியாழன்

இணைப்பு: கையேடு, விதித்தாள். இரண்டும் என் கைப்பட்டவை.