பரிவட்டமும் ஒரு படி தவிடும்

சதுரங்கப்பட்டினம்
18.8.2006

அன்பு மகன் கிரிதருக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

பங்காளி துரையின் வழக்குதான் உனக்குத் தெரியுமே. என் தாத்தா, எங்கள் கொள்ளுத்தாத்தா காசிநாதன் பெற்ற பிள்ளையே இல்லை, அதனால் கோயில் ஆடித் திருவிழாவில் பரிவட்ட மரியாதை இளைய மகனின் பேரனான தனக்குத்தான் என்பான். அவன் கையில் பிறப்புப் பதிவேட்டின் நகல், அதில் தாத்தாவுக்குத் தகப்பன் பக்கத்து வீட்டுக் கருப்பன். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததைப் பிறத்தியாரிடம் கொடுத்து ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவது வழக்கம்தானே, கர்ணம் விவரம் தெரியாமல் எழுதிவிட்டான் என்று நான் சாதித்தேன். என் கையில் காசிநாதனின் பத்திரம், அதில் 'என் மூத்த மகன்' என்றே இருக்கிறது. காகிதத்துக்குக் காகிதம் சரியாய்ப் போனதால்தான் நீ சொன்னபடி இருவரும் கன்னத்துக்குள் பஞ்சால் வழித்து உன் லேபுக்கு அனுப்பினோம்.

இருவரின் ஆண்வழியும் ஒன்றில்லை என்று நீ எழுதியதும் துரை பட்டாசு வாங்கக் கிளம்பிவிட்டான். ஒருவன் காசிநாதன் வழி இல்லை என்றுதானே வந்திருக்கிறது, எந்த ஒருவன் என்று வரவில்லையே என்றேன். அவன் முகத்தைப் பார்க்க நீ இல்லையே. அந்தத் திமிரில்தான் காசிநாதனுடைய தம்பியின் கொள்ளுப்பேரன், மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் மணியின் பஞ்சையும் அனுப்பினேன். அது துரையோடு பொருந்திவிட்டது. சும்மா கிடந்த சங்கை நானே ஊதிக் கெடுத்தேன்.

அப்படி நீ எழுதிய கடிதத்தை இரண்டு நாள் பெட்டியில் வைத்திருந்தேன், சோறு இறங்கவில்லை. எடுத்துப்போய்த் துரையிடமே கொடுத்தேன். இரண்டு தரம் படித்துவிட்டு, "நீ மறைச்சிருந்தா எனக்கு இன்னா தெரியும் அண்ணாத்த" என்றான். திருவிழாவில் பரிவட்டம் அவன் கண்ணில் சரிந்தது, நான்தான் இழுத்துக் கட்டிவிட்டேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

அப்படியென்றால் நாம் யார் என்று போனில் கேட்டாயே. காசிநாதன் தன் பிள்ளையைக் கொடுத்துத் திரும்ப வாங்கவில்லை, கருப்பன் பெற்ற பிள்ளையையே தவிட்டுக்கு வாங்கியிருக்கிறார். யார் பிள்ளை என்று அவருக்கு எந்த லேப் சொல்ல வேண்டும்? தெரிந்தேதான் 'மூத்த மகன்' என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். பெற்றவனுக்குத் தகப்பன் ஆவதைத் தவிர வேறு வழியில்லை. இவர் விரும்பி ஆனார்.

நீ என் பிள்ளையா என்று மட்டும் சோதித்துவிடாதே, அம்மா அகப்பையோடு விமானம் ஏறிவிடுவாள். சளி மருந்தை நிறுத்தாதே. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

தவிட்டுக்கு வந்தவனின் பேரன்,
உன் அப்பா ஏகாம்பரம்