பெரிய கேன்

24.1.1999, ஞாயிறு

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் இளையவள் செல்வி மடியில் வந்து உட்கார்ந்தாள். தலையைத் தடவினால் முடி ஈரம், பாசி வாடை வேறு. கேட்டால் முழிக்கிறாள். அவள் அம்மா மரகதம்தான் அடுப்படியில் இருந்து சொன்னாள்: "நாந்தான் மேலக்காட்டுக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போயி நீச்சல் பழக்குதேன். நாலு வாரமாச்சு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மூத்தவனத் தண்ணிக்குக் குடுத்தது காணாதாட்டி ஒனக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. "கண்மாயில அவன் போனது நீச்சல் தெரியாமத்தான?" என்றாள்.

அவனுக்கு மட்டுமா தெரியாது? அன்று கரையில் நின்று கூப்பாடு மட்டும் போட்டேனே, எனக்கும்தான் தெரியாது. இந்த மூன்று வருஷத்தில் மரகதம் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்றும் சொல்லவில்லை.

செல்வி என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். முதுகில் கட்டிக்கொண்டு மிதப்பதற்கு இரண்டு எண்ணெய்க் கேன்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"சின்னது எனக்குப்பா. பெருசு ஒங்களுக்கு."

பெரியதில் கயிறுகூடக் கட்டியிருந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது.