மறைக்காமல் சொன்ன மூச்சிரைப்பு

அக்கா,

இன்று காலை கம்பெனியில் ரத்த தான முகாம். நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும், அந்த வாடை என்னைக் கோவை ஆஸ்பத்திரி வராந்தாவில், உங்கள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் பதினான்கு வருடம் ஒரே செக்கிங் மேசையில் எதிரெதிரே நின்றவர்கள் நாம். பீடிப் புகை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உங்களுக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். கட்டி பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. ஆறு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், கூடவே கீமோவும் ஏற்றினார்கள். எச்சில் விழுங்கினாலே தொண்டை எரிந்த நாட்களிலும், டம்ளர் கஞ்சியைக் குடித்து முடிக்காமல் நீங்கள் படுத்ததில்லை.

பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் இம்யூனோதெரபி என்றார் டாக்டர்.

"அதுதான் சுருங்கிருச்சுங்களே, இன்னும் எதுக்குங்க?" என்று கேட்டீர்கள்.

"கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்கலாம்மா. உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே அதை அடையாளம் கண்டு தாக்க இந்த மருந்து உதவும்."

"அப்பத் திரும்ப வராதுங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. தள்ளிப்போக வாய்ப்பு இருக்கு."

"உள்ளதைச் சொன்னீங்க, போதுமுங்க. ஆரம்பிச்சிருங்க."

அன்று வெளியே வந்து அழுதது நான்தான்.

ஐந்தாவது மாதம், மறுநாள் மருந்து ஏற்ற வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதே உங்களுக்கு மூச்சிரைத்தது. இரண்டு நாளாக வறட்டு இருமல் வேறு. மருந்து நின்றால் நோய் திரும்பிவிடுமே என்று எனக்குப் பயம்.

"அக்கா, நாளைக்கு இதைச் சொல்லாதீங்க. மருந்தை நிறுத்திப்போடுவாங்க."

"வேண்டாம் புள்ள. மூச்சு வாங்குனா உடனே கூப்பிடச் சொல்லியிருக்காங்க. மறைச்சு யாரை ஏமாத்தப் போறோம்?"

அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தீர்கள். அந்த மருந்தாலேயே நுரையீரலில் அழற்சி வந்திருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். அந்த அழற்சியோடு இன்னொரு முறை மருந்து ஏற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாமாம். என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மருந்தை நிறுத்தி, பல வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் வீங்கிப்போனது. "பயமாத்தான் இருக்குது புள்ள" என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பயத்தையும் நீங்கள் மறைக்கவில்லை. அழற்சி தணிந்த பிறகு மறுபடி ஆரம்பித்து, அந்த ஒரு வருடத்தை முடித்தே விட்டீர்கள்.

அதன்பின் மூன்று வருடம் கிடைத்தது. அரை நாள் வேலைக்கு வந்தீர்கள். அவிநாசித் தேருக்கு என்னோடு நடந்தீர்கள், பேத்திக்குக் காது குத்தினீர்கள். பிறகு நோய் தலைக்குப் போய்விட்டது. போன மார்கழியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

சென்ற மாதம், திண்டுக்கல் பக்கமிருந்து வந்து நம் கம்பெனியில் தைக்கும் பெண் ஒருத்தி, மார்பில் கட்டி இருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். "யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா, தீபாவளி கழியட்டும், பாத்துக்கிறேன்" என்றாள்.

உங்களோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாதவளாக இருந்திருந்தால், நானும் சரியென்று தலையாட்டியிருப்பேன். அன்று மதியமே அவளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி, நானும் கூட ஏறி உட்கார்ந்தேன்.